பங்கு நிலம்: அந்நியர் உள்ளே வரலாம்

என் அன்புக்கு எப்போதும், என் கோபத்துக்கு இந்த இரண்டு மாதமாகவும் உரிய தம்பிக்கு,

அண்ணன் நிறைந்த ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் இடது முழங்காலும் நலம். அங்கே நீ, உன் மனைவி, கல்யாணப் பெண் எல்லோரும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் இதற்கு ஏன் ஒரு கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே உட்கார்ந்து நிதானமாகப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ போன் செய்தபோது நான் பல் டாக்டரின் வாசலில் வாய் நிறையப் பஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன். "அண்ணே, பொண்ணுக்கு முடிவாயிடுச்சு. நம்ம பங்கு விஷயத்தைக் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுங்க. அது கைக்கு வராம இங்க ஒண்ணும் நகராது" என்று மூச்சுவிடாமல் சொன்னாய். நான் "ம்" என்றேன். வாயில் பஞ்சு இருக்கிறவன் வேறு என்ன சொல்ல முடியும்? நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாய். பல் வலி அன்று சாயங்காலமே போய்விட்டது. இந்த வலி போகவில்லை. வீட்டை ஒட்டி அப்பா நம் இருவர் பேரிலும் வாங்கிப் போட்ட அந்த மனையில் உன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாய் என்பது எனக்கு நடுத்தெருவிலேயே புரிந்துவிட்டது. கேட்டது தப்பில்லை. பெண் கல்யாணம், செலவு இருக்கும். ஆனால் நான் யார்? நில அளவை ஆபீசில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை அண்ணன் தம்பிகளுக்கு நடுவே சங்கிலி பிடித்து எல்லைக்கல் நட்டவன். கல் நடும்வரை கத்திக்கொண்டிருப்பார்கள், கல் நட்ட பிறகு பேச்சே இருக்காது. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! நம் வீட்டிலும் ஒரு கல் விழப்போகிறது என்று நினைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் நான் குளித்துக்கொண்டிருப்பதாக உன் அண்ணி சொன்னாள். நான் அவ்வளவு குளிப்பவன் இல்லை என்பது உனக்கே தெரியும். உன்னோடு பேசினால் அழுதுவிடுவேனோ என்று பயம், அவ்வளவுதான்.

சரி, வயிற்றெரிச்சலோடு செய்தாலும் வேலையை முறையாகச் செய்வோம் என்று மனையில் ஒரு போர்டு வைக்க நினைத்தேன். "பங்கு நிலம். பிரிவினை நடக்க இருக்கிறது. அந்நியர் உள்ளே வரக்கூடாது." இதுதான் வாசகம். "பாகம்" என்று போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நீ போனில் சொன்ன சொல் என் காதிலேயே குத்திக்கொண்டிருந்ததால் அதையே போட்டேன். போர்டு எழுத வந்தவர் நம் கோயிலுக்குப் பரம்பரையாக எழுதுகிறவர். "பங்கு" என்ற சொல்லைக் கண்டதும் மனிதருக்கு ஒரு பக்தி வந்துவிட்டது, நம் கோயிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் சேர்த்துப் பங்கு என்றுதானே சொல்கிறோம். பங்குப் பேரவை, பங்கு அலுவலகம், பங்கு மக்களின் கவனத்துக்கு என்று எழுதி எழுதியே பழகிய கை. நீல மையில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு சுரைக்காய் பருமனுக்கு, "பங்கு நிலம்" என்று எழுதி முடித்தபோது பாதிப் பலகை போயிருந்தது. நடு வரிக்கு இடமில்லை. "அதை விட்டுடலாங்க ஐயா, கடைசி வரிதானே முக்கியம்" என்று அவரே தீர்மானித்து, "அந்நியர் உள்ளே வர" என்று எழுதும்போது மை தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம், மைக் கடைக்காரன் பூட்டிவிட்டுப் போய்விட்டான். "திங்கக்கிழமை வந்து 'கூடாது' போட்டுடறேன்" என்று தூரிகையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

அதே சனிக்கிழமை காலையில் நான் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். பிரிவினைக்கு நடுநிலையாக ஒரு ஆள் வேண்டுமே என்று ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். "ஃபாதர், எனக்கும் தம்பிக்கும் நடுவுல நின்னு நீங்கதான் பங்கு பிரிச்சுக் குடுக்கணும். பங்குத்தந்தைன்னு பேரே இருக்கே" என்றேன். நல்ல வாதம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் சிரித்தார். "ஐயா, இதே மாதிரி ஒருத்தன் ஆண்டவர்கிட்டயே வந்து, என் அண்ணனைச் சொத்தைப் பிரிச்சுக் குடுக்கச் சொல்லுங்கன்னு கேட்டான். உங்களுக்குப் பாகம் பிரிக்கிற வேலையை எனக்கு யாருப்பா குடுத்ததுன்னு அவரே ஒதுங்கிட்டாரு. அவர் செய்யாததை நான் எப்படிச் செய்யறது?" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் பிரசங்கத்துக்கு அதையே எடுத்துக்கொண்டுவிட்டார். பேர் சொல்லவில்லை. ஆனால் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், அவர் கண்ணும் முன்வரிசையில்தான் இருந்தது.

"பூமியை உண்டாக்கினவர் அதை யாருக்கும் வித்துக் குடுத்ததா எந்தப் பத்திரமும் இல்லை" என்று ஆரம்பித்தார். "நம்மை அதுல குடி வச்சிருக்காரு, அவ்வளவுதான். சொத்து வச்சிருக்கிறது பாவமில்லை. ஆனா சொந்தக்காரன்னா பொறுப்பாளின்னு அர்த்தம். அதுல விளையறது எல்லார் பசிக்கும்தான். வயலை அறுக்கும்போது ஓரத்தை அறுக்காம விடு, அது ஏழைக்கும் அந்நியனுக்கும்னு அந்தக் காலத்துலயே கட்டளை. பீரோவுல நீ போடாம மடிச்சு வச்சிருக்கிற சட்டை, சட்டை இல்லாதவனோடது. அதை நீ அவனுக்காகப் பாதுகாத்து வச்சிருக்கே, அவ்வளவுதான்." எனக்குத் தாங்கவில்லை. கடவுளுக்கே சொந்தம் என்றால் நாலு எல்லையை யார் காட்டுவது என்று முணுமுணுத்தேன். உன் அண்ணி விலாவில் ஒரு இடி இடித்தாள். அவள் பிரசங்கத்தைக் கேட்டு வெறுமனே தலையாட்டிவிட்டு வருகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டு எழுந்தேன். பின் தெருவில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கிறதே, அங்கே குடியிருக்கிற தையற்காரம்மா, அவருடைய அக்கா, இன்னும் நாலைந்து பேர் நம் மனையில் முள்ளை வெட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். "யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" என்று வேலியருகே நின்று கத்தினேன். தையற்காரம்மா மரியாதையாக மண்வெட்டியைக் கீழே வைத்தார். "பங்கு நிலம்னு போட்டிருக்கே ஐயா. நாங்க பங்குதானே? நேத்து ஃபாதர் சொன்னாரு, இன்னிக்குப் போர்டே வந்துடுச்சு. எங்க வீட்டுல ஒரு கீரை போடக்கூட மண்ணு இல்லைங்க" என்றார். பங்கு மக்கள் பங்கு நிலத்துக்கு வந்திருக்கிறார்கள். இதில் நான் எங்கே தப்புக் கண்டுபிடிப்பது? ஆனால் அவர்களோடு ஒரு லாரிக்காரரும் நின்றார். ஆறடி ஆள். கோயில் பக்கம் நான் பார்த்ததே இல்லை. பிடித்தேன் அவரை. "நீங்க எங்க பங்கு இல்லையே!" என்றேன். "இல்லீங்க. ஆனா அந்நியர் உள்ள வரலாம்னு போட்டிருக்குங்களே. நான் அந்நியன்தாங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். போர்டுக்காரர் விடியற்காலையிலேயே வந்து வேலையை முடித்துவிட்டு, ஏணியில் உட்கார்ந்து தன் எழுத்தைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். "அந்நியர் உள்ளே வரலாம்." எனக்கு ரத்தக் கொதிப்பு. "என்னய்யா எழுதியிருக்கே? 'கூடாது' எங்க?" என்றேன். அவர் நிதானமாக இறங்கி வந்து, "ஐயா, நீங்க 'கூடாது'ன்னுதான் சொன்னீங்க. நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நேத்து பிரசங்கத்துக்கு அது ஒத்து வரலை. ஏதோ கோபத்துல தப்பா சொல்லிட்டீங்கன்னு நானே திருத்திட்டேன். கோயில் போர்டுல தப்பு விட்டா என் பேருதான் கெடும்" என்றார். அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். லாரிக்காரர் போட்டிருந்த சட்டை எங்கேயோ பார்த்த சட்டையாக இருந்தது. உற்றுப் பார்த்தேன். என் சட்டை. அந்த ஆளுக்குப் பொத்தான் போட முடியவில்லை, இருந்தாலும் எனக்கு இருந்ததைவிட அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

நேராக ஃபாதரிடம் ஓடினேன். "ஃபாதர், அது பங்கு நிலம்தான். ஆனா பங்கு நிலம் இல்லை!" என்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உட்காருங்க. மறுபடி சொல்லுங்க" என்றார். "அதாவது, என் பங்கும் தம்பி பங்கும் சேர்ந்த பங்கு. உங்க பங்கு இல்லை." "என் பங்குன்னு எனக்கு ஒண்ணும் கிடையாதே ஐயா, மாத்தல் வந்தா நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போகவேண்டியதுதான்" என்றார். இப்படியே கொஞ்ச நேரம் பங்குக்குப் பங்கு பேசிவிட்டு, கடைசியில் அவர் சொன்னார்: "சட்டப்படி நிலம் உங்க ரெண்டு பேருடையது. நீங்க போகச் சொன்னா நானே வந்து அவங்களைப் போகச் சொல்றேன். சொல்லட்டுமா?" இப்படி ஒருவர் நேராகக் கேட்டால் என்ன செய்வது? வாயில் பஞ்சே இல்லாமல் மறுபடியும் "ம்" என்றேன். அது எந்த "ம்" என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்து அரையடிக்காரர். நம் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரரை உனக்கு மறந்திருக்காது. நம் மனையில் அரையடி அவருடையது என்று அவரும், அவர் சுவரில் அரையடி நம்முடையது என்று நானும், முடி கறுத்திருந்த காலத்திலிருந்து முறைத்துக்கொண்டிருந்தோம். நான் ஏமாந்த நேரம் பார்த்துக் குறுக்கே வருவார் என்று காத்திருந்தேன். வந்தார். கையில் தண்ணீர்க் குழாய். "நீங்க முழு நிலத்தையும் விட்டுக் குடுத்துட்டீங்கன்னு தெரு பூரா பேச்சு. இனிமே நான் அரையடிக்குச் சண்டை போட்டா என் பேத்திகூடச் சிரிப்பா. தண்ணி என் வீட்டுலேர்ந்து எடுத்துக்கச் சொல்லுங்க" என்று சுவர் வழியாகக் குழாயை நீட்டினார். செய்யாத தர்மத்துக்குப் பாராட்டு வாங்குவது எவ்வளவு சங்கடம் என்று உனக்குத் தெரியாது. "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று நான் உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு அடக்கம் என்றும் ஒரு பேர் வந்துவிட்டது.

பாத்தி பிரிக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள். நான் பரணிலிருந்து சங்கிலியை இறக்கினேன். அதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நூல் பிசகாமல் எல்லோருக்கும் சமமாக அளந்து குச்சி நட்டேன். நிமிர்ந்தால் தையற்காரம்மா என் குச்சிகளைப் பிடுங்கி நகர்த்திக்கொண்டிருக்கிறார். "லாரிக்காரர் வீட்டுல சாப்பிட வாய் நிறைய இருக்குங்க ஐயா. என் அக்கா ஒத்தை ஆளு. சமமா அளந்தா எப்படிச் சரியா வரும்?" என்றார். இத்தனை வருஷ சர்வீசில் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று கேட்டவர்கள்தான் உண்டு. எவ்வளவு தேவை என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை. அதற்கு என் சங்கிலியில் அளவும் கிடையாது. குச்சிகளை அவர் காட்டிய இடத்தில் நட்டேன். பிறகு ஓரத்தைப் பற்றி ஒரு பெரிய சண்டை. ஃபாதர் சொன்னாரே என்று ஒவ்வொருவரும் தங்கள் பாத்தி ஓரத்தை ஏழைக்கென்று விட்டுவிட்டார்கள். யாரப்பா அந்த ஏழை என்று கேட்டால் ஆளுக்கு ஆள் பக்கத்துப் பாத்திக்காரரைக் கைகாட்டினார்கள். நான் ஏழையா என்று லாரிக்காரருக்குக் கோபம். நான் மட்டும் ஏழையா என்று தையற்காரம்மாவுக்குக் கோபம். ஓரமெல்லாம் கீரை முற்றிப் பூத்துப் போகும் நிலை. கடைசியில் உன் அண்ணி கத்தியோடு இறங்கி, "அப்போ நான்தான் ஏழை" என்று அறுத்துக்கொண்டு வந்து சமைத்துவிட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் அந்த முள்காடு என்னவாகியிருக்கிறது தெரியுமா? தக்காளி, வெண்டை, ஒரு மூலையில் மிளகாய். பூசணிக்கொடி ஒன்று கிளம்பி, அரையடிக்காரர் சுவரேறி, அந்தப் பக்கம் இறங்கி, நாங்கள் இருவரும் சண்டை போட்ட அந்த அரையடியில்தான் முதல் பிஞ்சு விட்டிருக்கிறது. நான் அந்தக் காலத்தில் நட்ட எல்லைக்கல்லைத் தேடிப்போனால் அதன்மேல் உட்கார்ந்து இரண்டு பேர் டீ குடிக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்வதில்லை. யார் பாத்தியில் பூச்சி, யார் தண்ணீர் விடவில்லை என்று ஒரு சுற்று வந்தால்தான் மனசு நிறைகிறது. போகும்போது சும்மா போவேன், வரும்போது கையில் யாராவது எதையாவது திணித்துவிடுவார்கள். முழங்கால் நலம் என்று மேலே எழுதினேனே, காரணம் இதுதான். சந்தோஷமாக இருக்கிறேன் தம்பி. சொல்லாமல் என்ன?

ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, பிஞ்சைக்கூட மறைக்க முடியாது. அந்த நிலத்தில் பாதி உன்னுடையது. "ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று உன் பாதியில் நான் தர்மவான் ஆகிவிட்டேன். உன்னைக் கேட்காமல் நடந்தது தப்பு. ஃபாதர் சொன்னதை வைத்து உன்னிடம் வாதாடலாம் என்றுதான் முதலில் பேனாவை எடுத்தேன். ஆனால் அவர் எனக்குச் சொன்னதை நான் உனக்குத் திருப்பிவிடுவது நியாயமில்லை. பெண் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தவிக்கிறவனிடம் போய்ப் பகிர்ந்துகொள் என்று பாடம் நடத்த எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தெருவை ஒட்டிய முன்பாதி உனக்கு. விலை போகிற இடம் அதுதான். உள்ளே தள்ளி இருக்கிற பின்பாதி எனக்கு, அதாவது எங்களுக்கு. முன்பக்கத்துப் பாத்திக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "தம்பி பொண்ணு கல்யாணம்ல? நாங்க பின்னாடி நெருக்கி உட்கார்ந்துக்கறோம் ஐயா" என்றார் தையற்காரம்மா. இன்று காலையில் நானே சுண்ணாம்புக் கோடு போட்டேன். நேர்கோடு போட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இன்று கோடு கொஞ்சம் வளைந்துதான் போயிற்று. கல் மட்டும் நடவில்லை. நீ வந்து, உன் எதிரில் நடலாம். அல்லது நீ சொன்னால் கோட்டோடு விட்டுவிடலாம். எப்படியானாலும் அதற்குப் பிறகும் நீ என்னோடு பேச வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான்.

கல்யாணப் பெண்ணுக்குப் பெரியப்பாவின் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் மரியாதை. உன் மனைவிக்கு அண்ணியின் அன்பும், கூடவே ஒரு பை தக்காளியும், ஆள் கிடைத்தால் வரும். உங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் வாசலும் எப்போதும் நிறைந்திருக்க ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
உன் மேல் இனிமேல் கோபமில்லாத
அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது உன் போன் வந்தது. உன் அண்ணி வழக்கம்போல நான் குளிக்கிறேன் என்று சொல்லப்போனாள், நான்தான் பிடுங்கிக்கொண்டேன். நீ எடுத்த எடுப்பில், "என்னண்ணே, கல்யாணம் நெருங்கிடுச்சு, நம்ம பங்குலேர்ந்து பொண்ணோட ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி அனுப்புங்கன்னு சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. அது வராம இந்தப் பங்குல, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு கோயில்ல ஓலை வாசிக்க மாட்டேங்கறாங்க" என்று கத்தினாய். "அப்போ நிலம்?" என்றேன். "எந்த நிலம்?" என்றாய். "அப்பா வாங்கினது. வீட்டை ஒட்டி." "அது இன்னும் இருக்கா? அதை அப்பவே வித்துட்டதா இல்ல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்!" என்று சிரித்தாய். பிறகு ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாய். அழவில்லை, முகம் கழுவிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தைத் திரும்ப எழுத நேரமில்லை. முன்பக்கத்தில் உன்னைத் திட்டியிருக்கிற இடங்களை நீயே அடித்துக்கொள். சுண்ணாம்புக் கோட்டை அழிக்க லாரிக்காரர் தண்ணீரோடு போயிருக்கிறார். ஆக, நீ கேட்காத பங்கை ஊருக்கே கொடுத்துவிட்டேன், நீ கேட்ட பங்கை இன்னும் வாங்கவே இல்லை. சான்றிதழுக்காக இப்போதே கோயிலுக்குக் கிளம்பினேன். ஃபாதர் அங்கே இல்லையாம். உன் பாதியில் களை எடுத்துக்கொண்டிருக்கிறாராம். அங்கேயே போய்க் கேட்கிறேன்.